இடது பக்கத்து நாற்காலி

செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்கு ஹார்லன் சீட்டறைக்கு வருவார். நான் ஒன்பது மணிக்கே போய்விடுவேன்.

போக்கரில் ஆட்டம் இடது பக்கமாகச் சுற்றும். ஒருவருக்கு இடது பக்கத்தில் இருப்பவன் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் தன் முறைக்கு வருவான். நன்றாக ஆடத் தெரியாத ஒருவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் பணம் முதலில் உங்களிடம்தான் வரும். ஹார்லன் எப்போதும் ஐந்தாம் நாற்காலி. ஆறு வருடமாக ஆறாம் நாற்காலி என்னுடையது. என் வாடகை, சாப்பாடு, கார், கட்டிய இரண்டு பல் எல்லாம் அந்த நாற்காலியிலிருந்து வந்தவை.

எந்த நாற்காலியும் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் பெயர் கொடுப்பவன் முதலில் தேர்ந்தெடுப்பான். அதனால்தான் ஒன்பது மணி. மேஜைகளைக் கவனிக்கும் மிலோ என்னைப் பார்த்ததும் கேட்காமலே பெயரை எழுதிவிடுவான். டுவேன், ஆறு. பிறகு இரண்டு மணி நேரம் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்தரைக்கு லொரெட்டா வருவாள், அதன் பிறகு ரிக், அதன் பிறகு மற்றவர்கள். பதினொன்று வரை யாரும் ஆடமாட்டோம். எங்களுக்குள் ஆடி என்ன பயன்? ஹார்லன் உட்கார்ந்ததும் ஆட்டம் தொடங்கும். அவர் எழுந்ததும் ஐந்து நிமிடத்தில் மேஜை காலியாகிவிடும். அவரை வாசல்வரை போகவிட்டுத்தான் எழுவோம். அந்த அளவுக்கு மரியாதை உண்டு.

அவர் ஃபெர்ன்லியில் ஜல்லிக் குவாரி வைத்திருந்தவர். மனைவி இறந்த வருடம் அதை விற்றார். அதே வருடம் ரீனோவுக்குச் சீட்டாட வந்தார். வீட்டில் உலர்த்திய மான்கறியை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார். மேஜையில் எல்லாருக்கும் கொடுப்பார், சீட்டுப் போடும் பெண்ணுக்கும். தோற்றால் சிரிப்பார். எந்தச் சீட்டு வந்தாலும் ஆடுவார். சும்மா உட்கார்ந்து மற்றவர்களைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பார்.

அவருக்கு யாரும் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் தொழிலில் இருக்கும் ஒரே சட்டம் அது. ரிக் புதிதாக வந்தபோது ஒரு முறை, இந்தச் சீட்டுக்கா இவ்வளவு போட்டீங்க என்று கேட்டுவிட்டான். லொரெட்டா மேஜைக்கு அடியில் அவன் கணுக்காலில் உதைத்தாள். அவளுக்கு அறுபத்தொன்று வயது. கனத்த பூட்ஸ்.

நாங்கள் அவருடைய முழங்காலை விசாரிப்போம். டிரக்கை விசாரிப்போம். சொன்ன நகைச்சுவையையே திரும்பச் சொன்னாலும் சிரிப்போம். அது வேலையில் ஒரு பகுதி. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் இருபத்துமூன்று வயதில் வினமக்காவிலிருந்து வந்தேன். முப்பத்தொன்றில் ஒரு பெரிய போட்டியில் ஜெயித்தேன். ஒரு பத்திரிகையில் படம் வந்தது. வீடு வாங்கினேன். கெய்லைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஐந்து வருடத்தில் வீடு போனது. அடுத்து கெய்ல் போனாள். இரண்டுக்கும் சீட்டு சரியாக விழாததைக் காரணம் சொன்னேன். கெய்ல் நம்பவில்லை.

அப்புறம் கணினியோடு படித்த பையன்கள் வந்தார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசாமல் ஆடுவார்கள். நான் முப்பது வருடத்தில் கற்றதை அவர்கள் ஒரு குளிர்காலத்தில் கற்றுக்கொண்டு மேலே போனார்கள். எட்டு மாதம் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். ஹார்லனிடம் ஜெயித்ததை அவர்களிடம் கொடுத்தேன். பிறகு ஸ்பார்க்ஸில் ஒரு கிடங்கு வேலைக்குப் படிவம் நிரப்பினேன். முந்தைய வேலை என்ற இடத்தில் சொந்தத் தொழில் என்று எழுதினேன். என்ன தொழில் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. எனக்கு இருந்தது அந்த நாற்காலி.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. வெளியே பனி. டீலர் மரிசெல் சீட்டுப் போட்டாள். என் கையில் இரண்டு ஒன்பது வந்தது. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் திறந்த சீட்டில் இன்னொரு ஒன்பது. ஹார்லன் விடாமல் பணம் வைத்துக் கூடவே வந்தார். மற்றவர்கள் விலகினார்கள். கடைசிச் சீட்டு ஸ்பேடு. நடுவில் மூன்று ஸ்பேடு ஆகிவிட்டது. எவன் கையில் இரண்டு ஸ்பேடு இருக்கிறதோ அவனுக்கு முன்னால் என் மூன்று ஒன்பது ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பணம் வைத்தேன். ஹார்லன் எதை வைத்துக்கொண்டும் வருவார். வந்தார். நடுவில் ஏறக்குறைய நாலாயிரம் டாலர்.

என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் என் சீட்டைப் பார்த்தார். நடுவைப் பார்த்தார். தன் சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தெரியாத மொழியில் எழுதிய பலகையைப் பார்ப்பதுபோல.

"மூணு ஒம்போதா. எடுத்துக்கப்பா," என்றார்.

சீட்டைக் கவிழ்த்தபடி மரிசெல் பக்கம் தள்ளினார். தள்ளும்போது ஓரம் தூக்கியது. இடது பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. ஸ்பேடு ஏஸ். ஸ்பேடு ஆறு.

திருப்பிக் காட்டிய சீட்டு தானே பேசும். அதைப் பார்த்து டீலர் சொல்லிவிடுவாள். கவிழ்த்துப் போட்ட சீட்டு செத்தது. ஆனால் மரிசெல்லின் கை அதைத் தொட்டு, கழிவுச் சீட்டில் கலக்கும்வரை இரண்டு நொடி உண்டு. அந்த இரண்டு நொடியில் நான், ஒரு நிமிஷம் என்று சொல்லியிருக்கலாம். சொல்பவர்கள் உண்டு. அவரோடு ஆடத் தொடங்கிய மூன்றாவது வருடம் லொரெட்டா இப்படித்தான் ஒரு முறை தன் சீட்டைத் தவறாகப் படித்துத் தூக்கிப்போடப் போனாள். எதிரில் ஆடியவர் ஹார்லன். அவர்தான் கையை நீட்டித் தடுத்து, நல்லா பாரும்மா, நீதான் ஜெயிச்சிருக்க என்றார். தன் பணத்தைத் தானே அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மரிசெல் சீட்டைக் கலந்தாள். நடுவில் இருந்த பணச் சில்லுகள் என் பக்கம் வந்தன. நான் அடுக்கினேன். குளிர்காலத்தில் என் விரல்நுனிகள் வெடித்துவிடும். சில்லுகளின் ஓரம் பட்டு எரிந்தது.

ஹார்லன் மான்கறிப் பையை என் பக்கம் நகர்த்தினார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் லொரெட்டா புகைத்துக்கொண்டு நின்றாள். நான் காரைத் திறக்கும்போது கேட்டாள்.

"எத்தனை தடவ?"

"எது?"

"சும்மா நடிக்காதடா. உன் மூஞ்சிய எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன். நீ சீட்ட பாக்கல, மரிசெல் கைய பாத்த."

முதல் தடவை என்றேன்.

"எனக்கு மூணு," என்றாள். "ரிக்குக்கு ரெண்டு. அவன் வாயால சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்."

அவள் சிகரெட்டை பூட்ஸால் நசுக்கினாள்.

"அவரு பாக்கெட்ல நம்ம கைய விடல, டுவேன். அவரா தூக்கிப் போடறாரு."

"உனக்கு அன்னிக்கு அவரு திருப்பிக் குடுத்தாரு."

"குடுத்தாரு. இப்ப அத எதுக்கு எடுக்கற? நீ போய் சொல்லேன். நாளைக்கே அவரு மகளுக்குப் போன் போட்டு சொல்லு. அப்புறம் செவ்வாக்கிழம எங்க போவ? எங்கிட்ட ஆடுவியா? வா, ஆடலாம். ஒரு மாசத்துல உன் கார எனக்கு எழுதிக் குடுத்துடுவ."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி.

பிப்ரவரியில் எனக்கு நன்றாகப் போனது. என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாகப் போன மாதங்கள் நாலோ ஐந்தோதான். மற்றவர்களுக்கும் அப்படித்தான். மேஜையில் முன்பைவிட அதிகம் சிரித்தோம். ரிக் ஹார்லனுக்குப் பிறந்தநாள் கேக் வாங்கி வந்தான். மூன்று வாரம் முன்னதாக. ஹார்லன் நன்றி சொல்லி மெழுகுவர்த்தியை ஊதினார். மகள் மறந்துவிட்டாள் பார் என்றார்.

அவர் ஒரு கதையைச் சொல்லி முடித்ததும் அதையே மறுபடி தொடங்குவார். தன் முறை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் டீலர் சொல்வாள். இப்போது நான் முழங்கையால் மெதுவாக இடிப்பேன். அவர் திடுக்கிட்டுச் சில்லுகளை நடுவில் வைப்பார். எவ்வளவு என்று பார்க்கமாட்டார்.

அந்த மாதக் கடைசியில் நோரீன் வந்தாள். ஹார்லனின் ஒரே மகள். சாக்ரமென்டோவில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். புதன்கிழமை எனக்குப் போன் வந்தது. என் எண்ணை அப்பாவின் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். அவசரம் என்றால் கூப்பிட வேண்டியவர்கள் என்று அவர் எழுதி ஒட்டியிருந்த தாளில் இரண்டு பெயர்கள். அவள் பெயர். என் பெயர்.

சீட்டறைக்குப் பக்கத்துக் காபிக் கடையில் சந்தித்தோம். அப்பாவின் தாடை அவளுக்கு. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். முதலில் கனத்த குரலில் அந்த வாரம் நடந்ததைச் சொன்னாள். ஹார்லன் திங்கட்கிழமை மளிகைக்குக் கிளம்பியிருக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், லவ்லாக்கில், ஒரு பெட்ரோல் பங்கில் இருந்தார். டிரக்கில் பெட்ரோல் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. பங்கில் இருந்தவர்கள் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டதற்கு, பழைய குவாரி ஆளைப் பார்க்கப் போனேன் என்றாராம். அந்த ஆள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

டாக்டரிடம் வர மறுக்கிறார் என்றாள்.

"என்ன சொல்றாரு தெரியுமா? வாரத்துக்கு ரெண்டு நாள், ஆறு ஆறு மணி நேரம், இதே தொழிலா இருக்கறவங்களோட உக்காந்து ஆடறேன். மண்டையில கோளாறு இருந்தா அவங்க முன்னாடி ஒரு மணி நேரம் நிக்க முடியுமாங்கறாரு. எனக்கு சீட்டுல ஒண்ணும் தெரியாது."

நான் காபியைக் கலக்கினேன்.

"நான் அவர பாக்கறது மாசத்துக்கு ஒரு நாள். நீங்கதான் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. உங்கள பத்திதான் எப்பவும் பேசுவாரு. டுவேன் இப்படி சொன்னான், டுவேன் அப்படி சிரிச்சான்னு. அதனால உங்ககிட்ட கேக்கறேன். நீங்க சரியில்லன்னு சொன்னா இன்னிக்கே வண்டியில ஏத்திக்கிட்டு போயிடுவேன். கத்தட்டும். நீங்க நல்லா இருக்காருன்னு சொன்னா, இந்த வசந்தம் முடியற வரைக்குமாவது அவர் இஷ்டத்துக்கு விட்டுடறேன். அவருக்கு வேற என்ன இருக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக மனிதர்கள் என் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். கண்டுபிடித்தது ஒருவரோ இருவரோ. அவள் கணக்கு டீச்சர்.

நான் வாடகையை நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கிடங்குப் பெண் பேனாவைக் கீழே வைத்ததை நினைத்தேன்.

"வயசாகுதுங்க. ரோடெல்லாம் கொஞ்சம் குழம்பத்தான் செய்யும்," என்றேன். "ஆனா ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல. போன வாரம்கூட என்னைய நல்லா அடிச்சாரு. மூணு ஒம்போது வெச்சிருந்தேன். ஸ்பேடு வெச்சு தூக்கிட்டாரு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தோள் இறங்கியது. அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

காபிக்கு அவளே பணம் கொடுத்தாள். கிளம்பும்போது என் விரல்களைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து சின்னக் களிம்புக் குழாய் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"அவர பாத்துக்குங்க," என்றாள். "நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கறதுதான் எனக்கு தைரியம்."

மறுநாள் வியாழக்கிழமை. ஹார்லன் வந்தார். அவள் ஏற்பாடு செய்த வண்டியில் வந்தார். இனி டிரக் ஓட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அன்று அவர் நிறையத் தோற்றார். இரண்டு தடவை எனக்கு.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். ஒன்பது மணிக்கு எழ முடியவில்லை. மிலோவைக் கூப்பிட்டுப் பெயரை எழுதச் சொன்னேன். ஆள் நேரில் வராமல் எழுதினால் லொரெட்டா என் தலையை எடுத்துடுவா என்றான். பத்தே முக்காலுக்கு ஓடினேன். லொரெட்டா ஆறாம் நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டிவிட்டு நின்றிருந்தாள்.

"ஆறு வருஷம் அனுபவிச்சல்ல. போதும், போய் ஒம்போதுல உக்காரு," என்றாள். "ரொம்ப வலிச்சா என் பக்கம் பாத்து அழு."

ரிக் சிரித்தான். நான் ஒன்பதில் உட்கார்ந்தேன். ஹார்லனின் நாற்காலியிலிருந்து நாலு இடம் தள்ளி.

பதினொன்றுக்கு வண்டி ஓட்டுநர் ஹார்லனை வாசலில் விட்டுவிட்டுப் போனார். அவர் சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கையில் மான்கறிப் பை இல்லை. மேஜைவரை வந்து நின்றார். எல்லாரும் வணக்கம் சொன்னோம். ஐந்தாம் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதைத் தாண்டி நடந்தார். லொரெட்டாவின் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆறையும் தாண்டினார். ஏழில் ரிக், எட்டில் வேறொருவர். எனக்கு இடது பக்கத்தில் பத்தாம் நாற்காலி காலி. அதை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நொடியில் மேஜை முழுவதும் கணக்குப் போட்டது தெரிந்தது. பத்துக்கு இடது பக்கம் ஒன்றாம் நாற்காலி. அதுவும் காலி. லொரெட்டா கோட்டை எடுத்துவிட்டாள். ரிக் தன் சில்லுகளை இரு கையிலும் அள்ளிக்கொண்டு பாதி எழுந்துவிட்டான். என் வலது பக்கத்திலிருந்து இருவரும் அந்தக் காலி நாற்காலியை நோக்கி நகர்ந்தார்கள். ஓடவில்லை. வேகமாக நடந்தார்கள்.

அவர் என் இடது பக்கம் வந்துவிட்டார். இனி அவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் நான் முதலில் ஆட வேண்டும்.

நான் எழுந்தேன். அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"ஹார்லன், இது உங்க சீட் இல்ல."

"இல்லயா?"

"உங்களுது அந்தப் பக்கம். அஞ்சு. எப்பவும் அங்கதான உக்காருவீங்க."

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் சிரித்தார்.

"நீதான அது. நோரீன் சொன்னா," என்றார். "அந்த ஆளு பக்கத்துல இருந்தா பயப்படாதப்பான்னு சொன்னா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேஜையைச் சுற்றி நடந்தோம். அவர் பிடி பலமாக இருந்தது. ஜல்லி அள்ளிய கை. என் வெடித்த விரல்களை அழுத்தியது. ஐந்தில் உட்காரவைத்தேன். லொரெட்டா ரிக்கைத் தள்ளிக்கொண்டு பத்துக்குப் பக்கத்தில் ஒன்றாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். ஆறு காலி. அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். மோசமான சீட்டை நன்றாக ஆடிய ஒருவனுக்கு ஆட்டுவதுபோல.

நான் ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஹார்லன் இன்னும் என் கையை விடவில்லை. சில்லு எடுக்க வேண்டும், கையை விடுங்க என்றேன். விட்டார். மரிசெல் சீட்டைப் போட்டாள். அவருக்கு ஒன்று. பிறகு எனக்கு ஒன்று.

அவர் தன் சீட்டைத் தூக்கி என் பக்கம் சாய்த்தார்.

"இது என்னப்பா, நல்ல சீட்டா?" என்றார்.